இடப்பக்கம்

ருகூவில் குனியும்போதுதான் அது அதிகம் தெரிகிறது. உள்ளாடைக்குள் வைத்துத் தைத்த பஞ்சுத் திண்டு முன்னால் சரிந்து, நிமிர்ந்த பின்னர் கழுத்தெலும்புக்குக் கீழே வந்து நிற்கும். தராவீஹ் தொழுகையில் தோளோடு தோள் பெண்கள் நிற்க, கைவிட்டுச் சரிசெய்யவும் முடியாது. அபாயாவுக்குள் இருப்பதால் பிறர் கண்ணில் படாத குறைதான். எனக்குப் படுகிறது.

2021இல் மஹரகமவில் எனது இடது மார்பகத்தை அகற்றினார்கள். பின்னர் கதிர்வீச்சுச் சிகிச்சை. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் போய்வந்த அந்தக் காலத்தைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. இலங்கைப் பெண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் இதுதான். வாசிக்கும் பலருக்கு அந்தப் பாதை தெரிந்திருக்கும்.

நோய் தணிந்த பிறகு மார்பகத்தை மீளமைத்துக்கொள்ள விரும்பினேன். அதை வீட்டில் சொன்னபோது, புற்றுநோய் என்று சொன்ன நாளை விடக் கூடுதலான மௌனம்.

"அல்லாஹ் உசிரத் தந்தானே, போதாதா புள்ள?" என்றார் மாமி.

ராத்தா நேராகவே கேட்டார்: "நாப்பத்தாறு வயசில ஆருக்குக் காட்ட?"

கணவர் இரவில் மட்டும், "எனக்காகண்டா வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் ராத்தாவின் கேள்வி அதற்குள்ளும் ஒளிந்திருந்தது. பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சென்றால் பார்ப்பவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டுமா? குனியவும் நிமிரவும் உறங்கவும் அதற்குள்ளேயே குடியிருக்கிறவள் கணக்கில் வருவதில்லை.

மார்க்கத்தில் இடமுண்டா என்பதே எனது முதல் தயக்கம். தேடியபோது அர்ஃபஜா பின் அஸ்அத் என்ற ஸஹாபியின் செய்தி கிடைத்தது. குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் (ஸல்) பணித்தார்கள். ஆணுக்குத் தடுக்கப்பட்ட தங்கம்! 2007இல் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், வெறும் அழகுக்காகப் படைப்பை மாற்றுவதையும் நோயால் இழந்ததை மீட்பதையும் வேறாகவே வைத்தது. யாருக்குக் காட்ட மூக்கு என்று அர்ஃபஜாவிடம் எவரும் கேட்டதாக நான் வாசித்த அறிவிப்பில் இல்லை.

கொழும்பில் வைத்தியர் அவசரப்படுத்தவில்லை. கதிர்வீச்சுப் பட்ட தோல் விரிந்து கொடுக்காது, சிலிக்கோன் பையை மட்டும் வைத்தால் தொல்லை அதிகம் என்றார். முதுகுத் தசையொன்றைத் தோலோடு முன்னுக்குத் திருப்பி, அதன் கீழே பையை வைப்பதாகத் திட்டம். இடுப்பில் கையை ஊன்றி அழுத்தச் சொல்லி, அந்தத் தசை உயிரோடிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

பை ஆயுளுக்கும் நிற்காது. ஒருநாள் மாற்ற நேரலாம். சுற்றிலும் தழும்பு இறுகி வலிக்கவும் கூடும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகைப் பையை, அரிதான நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக 2019இல் உலகெங்கும் மீளப் பெற்றார்கள். ஒரு புற்றுநோயிலிருந்து தப்பியவளுக்கு இது சின்னச் செய்தியல்ல. வழுவழுப்பானதுதான் வேண்டும் என்றேன். பன்றியிலிருந்து எடுத்தது ஏதும் சேருமா என்றும் கேட்டேன். சில சத்திரசிகிச்சைகளில் பன்றித் தோலில் செய்த விரிப்பு பாவிப்பதுண்டு, உங்களுக்குத் தேவையில்லை என்றார். கேட்காதிருந்தால் சொல்லியிருப்பாரோ தெரியாது. கேட்க வெட்கப்படாதீர்கள், சகோதரிகளே.

காப்பு இரண்டும் விற்றாயிற்று. அஸ்பிரின் நிறுத்தியாயிற்று. முன்னால் பொத்தான் வைத்த சட்டைகள் நான்கு தைப்பித்தேன். சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாதாம். தக்பீருக்கு முடிந்தளவு உயர்த்தினால் போதும், கட்டின் மேல் மஸ்ஹு செய்யலாம் என்று மௌலவி சொன்னார். எதற்கான கட்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சோற்றுப் பானையை இறக்க மகளுக்குப் பழக்கியிருக்கிறேன். ராத்தா வந்து நிற்பதாகச் சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டேதான். கீறுவதற்கு முன்னர் என்னை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போடுவார்களாம். படுத்தால் அளவு மாறிவிடுமாம். நள்ளிரவுக்குப் பின் ஒன்றும் சாப்பிடக் கூடாது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.