கலிங்கு

இத்தாலி போய் வந்த நண்பர் ஒருவர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் என்னை விடவில்லை. ரோமாபுரிக்குத் தெற்கே, பழைய எரிமலை வாயில் தேங்கிய அல்பானோ ஏரி; அதன் விளிம்பில் காஸ்டல் கண்டோல்போ என்ற சிற்றூர். போப்பாண்டவர்களின் கோடை மாளிகை கூட அவர் மனத்தை அவ்வளவாகக் கவரவில்லை. ஏரியில் நீர் மிஞ்சினால் வெளியேறுவதற்காகப் பண்டை ரோமர்கள் பாறையைக் குடைந்து வைத்த சுரங்கம்தான் கவர்ந்தது.

"நம் பக்கத்தில் இப்படி ஒன்று உண்டா, சொல்லுங்கள்" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

பதில் ஒரு மாதம் கழித்துத் திருமலையில் கிடைத்தது. அங்கே நான் போனது வேறு காரியத்துக்காக. ராஜேந்திர சோழனைப் பற்றி ஒரு நாவல் எழுதும் ஆசை. ஆரணியில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பஸ் ஏறி, வடமாதிமங்கலம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பாறை மலை. அடிவாரத்தில் குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயில். மேலே 16 அடி உயரத்தில் நேமிநாதர், யாரையும் எதுவும் கேட்காதவராக நிற்கிறார்.

ராஜேந்திரனின் புகழ்பெற்ற கல்வெட்டும் உச்சியில்தான். ஈழம் கொண்டான், ஒட்டம் கொண்டான், வங்காளத்து மகிபாலனை ஓட வைத்தான், கங்கையைக் கொண்டான் என்று ஒரே 'கொண்டான்' மயம்! இத்தனை ஆரவாரமும் எதற்கு என்று பார்த்தால், ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை கோயிலுக்கு விளக்கு வைத்த செய்திக்கு முன்னுரை.

இறங்கி வந்தபோதுதான் மற்றொன்று நினைவுக்கு வந்தது. ஹுல்ட்ஸ் 1890-ல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் படித்தது. இதே மலையடிவாரத்தில், மண்ணில் புதைந்த பாறையொன்றில், ராஜராஜனின் 21-ம் ஆட்சியாண்டுச் சாசனம் இருந்தது. குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி, கணிசேகர மருபொற்சூரியன் என்ற ஆசிரியரின் பெயரால் ஒரு கலிங்கு கட்டினாராம். அவ்வளவுதான். வெற்றியும் இல்லை, வீரமும் இல்லை.

நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஒரு சாமியாருக்குக் கலிங்கு எதற்கு?" என்று கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "என்னா சாமி இப்படிக் கேக்கறீங்க? ஏரி ரொம்பினா கோடி போவணும். போவ வழி இல்லாட்டி கரை நிக்குமா? கரை ஒடஞ்சா ஊரு எங்கே, பயிரு எங்கே?"

கொண்டதையெல்லாம் எழுதி வைத்தவன் அரசன். மிஞ்சியதை விட வழி செய்தவர் துறவி. பொருத்தமான ஆள்தான்! அந்த ஏரியை நம்பித்தானே நெல்லும், விளக்குக்கு எண்ணெயும், அரசனுக்கு வரியும்?

ஊர் திரும்பியதும் நண்பருக்கு ஒரு கார்டு போட்டேன்: "உண்டு. ஆரணிக்குப் பக்கத்தில்."

நாவல் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ராஜேந்திரன் என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை. மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் குணவீரர் என்று எழுதி வைத்தேன்.