தாழிடாத கதவு

என் நூலடுக்கைக் காண வரும் இளைஞர் சிலரின் முகத்தில் ஒரு திகைப்பைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேல்தட்டில் தப்ஸீர் நூல்களும் ஃபிக்ஹு நூல்களும் இருக்கும். அதற்கடுத்த தட்டில் சீறாப்புராணமும் பிற இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களும் இருக்கும். கீழ்த்தட்டில், அட்டை கிழிந்த ஆங்கிலப் பேய்க்கதைகள் வரிசையாக நிற்கும். "ஹஜ்ரத், இவை யாருடையவை?" என்று கேட்பார்கள். "என்னுடையவைதாம்" என்பேன். அதற்குமேல் கேட்க நினைப்பதை மரியாதை கருதி விழுங்கிவிடுவார்கள். அவர்கள் கேளாமல் விட்ட கேள்விக்கே இன்று விடை எழுத முற்படுகிறேன்.

அரபி கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஜின் உண்டென்று ஈமான் கொண்டவன். பேய் உண்டென்று நம்பாதவன். ஆயினும் பேய்க்கதை என்றால் உணவையும் உறக்கத்தையும் மறப்பேன். இந்த விருப்பம் எங்கிருந்து வந்ததென்று எண்ணிப் பார்த்தால், அது எங்கள் வீட்டுத் தெருக்கதவில் போய் நிற்கிறது.

எங்களூர் கடலோர ஊர். எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த 1981-ஆம் ஆண்டில், என் காக்கா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணி ஒன்றில் வேலைக்குப் போனார். அத்தோணி திரும்பவில்லை. பலகை ஒன்றும் கரை ஒதுங்கவில்லை; மையித்தும் கிடைக்கவில்லை. 'மஃப்கூத்' என்று ஃபிக்ஹு நூல்களில் ஒரு பகுதி உண்டு. காணாமற்போனவனைப் பற்றிய சட்டம் அது. அவன் இறந்தான் என்பதற்குச் சான்று கிடைக்கும் வரையிலோ, காழி தீர்ப்பளிக்கும் வரையிலோ, அவன் உயிருடன் இருப்பவனாகவே கொள்ளப்படுவான். அவன் சொத்தைப் பங்கிடலாகாது. பின்னாளில் மதரஸாவில் இப்பகுதியை ஓதியபோது உடன் ஓதியவர்களுக்கு அது ஒரு பாடம். எனக்கோ அது எங்கள் வீடு.

உம்மா அன்று முதல் தெருக்கதவைத் தாழிட விடவில்லை. "நடுச்சாமத்துல அவன் வந்தா, தட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்பார்கள். வாப்பா மறுத்துப் பேசவில்லை. கதவைச் சாத்தி, ஒரு கல்லை மட்டும் அண்டக் கொடுப்பார்கள். இரவில் கடற்காற்று கிளம்பினால் அந்தக் கதவு மெல்ல அசையும். கல் தரையில் உரசும். கூடத்தில் படுத்திருக்கும் நான் போர்வையைத் தலைவரை இழுத்துக் கொள்வேன்.

திருடனுக்கு அஞ்சியவனல்லன் நான். காக்காவின் மீது எனக்கு உயிர். அவர் திரும்பி வரவேண்டுமென்று பகலெல்லாம் துஆக் கேட்பேன். இரவில் கதவு அசைந்தால், வந்துவிடுவாரோ என்று நடுங்குவேன். கடலில் அத்தனை நாள் கிடந்தவர் எந்தக் கோலத்தில் வருவார் என்று மனம் ஒரு படத்தைத் தீட்டும். சுபுஹுடைய பாங்கு ஒலித்ததும் அச்சம் கலையும். வெட்கம் வந்து அமரும். உடன்பிறந்தவரைக் கண்டு அஞ்சுகிற நானும் ஒரு தம்பியா? இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

மதரஸாவில் ஓதிக்கொண்டே, தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வு எழுதுவதற்கு ஆங்கிலம் படித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒரு பழைய கதைத்தொகுப்பைத் தந்தார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' என்ற சிறுகதை அதில் இருந்தது.

ஓர் ஆங்கிலேயக் குடும்பம்; தாய், தந்தை, வளர்ந்த ஒரே மகன். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய படைவீரர் ஒருவர், உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டு வருகிறார். மூவருக்கு, ஆளுக்கு மூன்று வரங்கள் தரும் பொருள் அது. மனித வாழ்வை விதியே நடத்துகிறது, அதில் குறுக்கிடுவோர் துன்புறுவர் என்று உணர்த்துவதற்காக ஒரு முதிய ஃபக்கீர் அதற்கு அந்த ஆற்றலை ஏற்றினாராம். தந்தை விளையாட்டாக இருநூறு பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி மடிகிறான். நிறுவனம் கொடுத்தனுப்பும் தொகை, சரியாக இருநூறு பவுண்டு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, மகனைத் திருப்பிக் கேட்குமாறு தாய் மன்றாடுகிறாள். தந்தை கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளை நீக்கப் போராடுகிறாள். தந்தையோ மகனது உடல் சிதைந்திருந்த நிலையை அறிந்தவர். அவர் தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாம் வரத்தைக் கேட்டுவிடுகிறார். தட்டும் ஓசை நிற்கிறது. கதவு திறந்தபோது தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

வெளியே நின்றது எது என்று ஜேக்கப்ஸ் காட்டவில்லை. மூன்றாம் வரம் என்ன சொற்களால் கேட்கப்பட்டது என்பதையும் அவர் எழுதவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த இருவரையும் நான் அறிவேன். தாழ்ப்பாளை நீக்கத் துடித்தவள் என் உம்மா. தரையில் தவழ்ந்தவன் நான். ஏழாண்டுகளாக நான் ஒளித்து வைத்திருந்த வெட்கத்தை, எங்கோ பிறந்த ஒருவர், நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே எழுதி வைத்திருந்தார். அன்றிரவு நெடுநேரம் அழுதேன். அழுதபின் நெஞ்சு இலேசாயிற்று. அன்று தொடங்கியது இந்த வாசிப்பு.

அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வெளியான புதினம். அப்பெயரைப் பூதத்தின் பெயரென்று பலர் எண்ணுவர். உண்மையில் அது பூதத்தை உண்டாக்கிய இளைஞனின் பெயர்; அவனால் உண்டாக்கப்பட்டதற்குப் பெயரே வைக்கப்படவில்லை. 1816-இல் ஜெனீவா ஏரிக்கரையில் அம்மையார் இக்கதையைத் தொடங்கியபோது வயது பதினெட்டு. அதற்கு முந்தைய ஆண்டு, குறைமாதத்தில் பிறந்த அவருடைய பெண்குழந்தை சில நாட்களில் இறந்தது. குழந்தை குளிரால்தான் விறைத்திருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்தபோது உயிர் பெற்றது என்று கனவு கண்டதாகத் தம் நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். இச்செய்தியை அறிந்தபின் அப்புதினம் எனக்கு வேறொன்றாகிவிட்டது. இறந்த உடலுக்கு உயிரூட்டும் அந்தக் கதைக்குப் பின்னால், விழித்ததும் வெறுந்தொட்டிலைக் கண்ட ஓர் இளந்தாய் இருக்கிறாள்.

ஆசிரியன் என்ற முறையில் அந்நூலில் என்னை வாட்டும் இடம் ஒன்றுண்டு. ஊராரால் விரட்டப்பட்ட அந்தப் படைப்பு, ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. குடிசைக்குள் ஃபெலிக்ஸ் என்னும் இளைஞன், துருக்கிய வணிகர் ஒருவரின் மகளுக்குத் தன் மொழியைக் கற்பிக்கிறான். அவள் பெயர் ஸஃபீ. நம் வீட்டு ஸஃபிய்யாக்களை நினைவூட்டும் பெயர். சுவரின் இடுக்கு வழியே பார்த்தும் கேட்டும், வெளியே இருப்பது அவளைவிட விரைவாகக் கற்றுவிடுகிறது. கற்றபின், குருடரான முதியவரிடம் போய் அன்பு கேட்கிறது. முகத்தைக் காண இயலாத அவர் கனிவோடு பேசுகிறார். கண்ணுள்ளவர்கள் வந்ததும் அடித்து விரட்டுகிறார்கள். வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பிள்ளை எவனாவது என்னிடமும் இருந்தானா என்று அப்பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எண்ணுவேன்.

வீடியோ கேஸட் காலத்தில் படங்களும் காணக் கிடைத்தன. ஜேம்ஸ் வேல் இயக்கி, போரிஸ் கார்லாஃப் நடித்த 1931-ஆம் ஆண்டு 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில், ஏரிக்கரையில் ஒரு சிறுமி பூதத்துக்குப் பூக்கள் தருகிறாள். இருவரும் அவற்றை நீரில் எறிய, அவை மிதக்கின்றன. பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணி அது அவளைத் தூக்கி எறிகிறது. கொடுமையான காட்சியென்று தணிக்கையில் வெட்டப்பட்ட அப்பகுதி, பற்பல ஆண்டுகளுக்குப் பின் 1980-களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. நான் முதலில் கண்ட பிரதியில் அது இல்லை. பூதத்தின் கைகள் சிறுமியை நோக்கி நீள்கின்றன. பிறகு, இறந்த மகளைத் தந்தை தூக்கி வருகிறார். இடையில் என்ன நடந்திருக்கும் என்று என் மனம் எண்ணியது, உண்மையில் எடுக்கப்பட்டிருந்ததைவிடக் கொடியது. முழுக் காட்சியைப் பின்னர் கண்டபோது பூதத்தின் மேல் இரக்கமே பிறந்தது. மறைக்கப்பட்டதை மனம் மிகைப்படுத்துகிறது. போர்வைக்குள் கிடந்த சிறுவன் இதை முன்பே அறிந்திருந்தான்.

இதனை நன்கறிந்து எடுக்கப்பட்ட படம், ராபர்ட் வைஸ் 1963-இல் இயக்கிய 'தி ஹாண்டிங்'. ஷெர்லி ஜாக்ஸன் 1959-இல் எழுதிய புதினத்தைத் தழுவியது. படம் முழுவதிலும் பேய் கண்ணில் படுவதே இல்லை. சுவர்களில் இடியோசை கேட்கும்; அறைக்குள் இருப்போர் ஒருவரையொருவர் பற்றிக் கொள்வர்; அடைத்த மரக்கதவு உட்புறமாக மெல்லப் புடைத்து வரும். அவ்வளவுதான். என் மகன் இக்காலப் படங்களைக் கைப்பேசியில் காட்டுகிறான். கணினியால் வரைந்த கோர உருவங்கள் வாய் பிளந்து வருகின்றன. திடுக்கிடுகிறேன், மறுகணம் மறந்துவிடுகிறேன். அந்தக் கதவை மறக்க முடியவில்லை.

எல்லாப் படங்களையும் நான் பாராட்டுவதாக எண்ணவேண்டா. வில்லியம் பீட்டர் பிளாட்டியின் புதினத்தைக் கொண்டு 1973-இல் வந்த 'தி எக்ஸார்ஸிஸ்ட்', குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்கதன்று. ஆனால் அதில் என்னை உறுத்தியது வேறொன்று. படம் வட ஈராக்கில் தொடங்குகிறது. அங்கே அது பாங்கோசையோடு தொடங்குகிறது. மேனாட்டுப் பார்வையாளருக்கு, ஏதோ தீமை வரப்போகிறது என்பதற்கு அவ்வோசை முன்னறிவிப்பாகிவிடுகிறது. எந்தப் பாங்கைக் கேட்டு என் இரவுகளின் அச்சம் கலைந்ததோ, அதுவே இன்னொருவருக்கு அச்சமூட்டப் பயன்பட்டிருக்கிறது. 'குரங்கின் பாத'த்து ஃபக்கீரையும் மறுபடி நினைத்துக் கொண்டேன். அறியாதது எதுவாயினும் அதைப் பூதமாக்கிக் கொள்வது மனித இயல்பு. ஸஃபீயின் அருகே மறைந்திருந்து கற்றதும் அப்படித்தான் பூதமாயிற்று.

நம்மவரும் இதற்கு விலக்கல்லர். ஆங்கிலத்தில் 'கூல்' என்று வழங்கும் சொல், அரபியின் 'ஃகூல்' என்பதுதான். வழிப்போக்கரை வழிதப்பச் செய்து அழிக்கும், உருமாறும் பாலைவனப் பூதத்தை அரபியர் அப்படி அழைத்தனர். 1786-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பெக்ஃபோர்டின் 'வதெக்' போன்ற கதைகளின் வழியே அச்சொல் அங்கே குடிபுகுந்தது. ஆயினும், ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் இப்பூதக் கதைகளுக்கு மூலம் தேடியிருக்கிறார். வெட்டவெளியில் நெடுநாள் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரியதாகத் தோன்றும். இல்லாதது காதில் விழும், கண்ணில் படும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அவர் சொன்னதை, கல் உரசும் ஓசை கேட்டுக் கிடந்த எங்கள் கூடத்தில் நான் மெய்யென்று கண்டேன்.

இனி, சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன்.

1994-ஆம் ஆண்டு, நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. வாப்பா மர்ஹூமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவு இன்னும் தாழிடப்படவில்லை. ஒருநாள் இரவு மின்சாரம் இல்லை. அரிக்கேன் விளக்கருகே நான் அந்தப் பழைய தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "என்ன கதை அது? எனக்கும் சொல்லேன்" என்றார்கள் உம்மா. வேறு கதை சொல்லியிருக்கலாம். ஏனோ, 'குரங்கின் பாத'த்தையே சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதியில் நிறுத்தவும் இயலவில்லை. மையித்தின் நிலையைக் கூறும் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

உம்மா அஞ்சவில்லை. விளக்கைப் பார்த்தபடியே கேட்டார்கள்: "அவ கதவைத் தெறந்தாளா?"

"தெறந்தா உம்மா. வெளியே யாருமில்லை."

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ அன்னைக்குத்தான் அவளுக்கு மவன் மவுத்தானான்" என்றார்கள்.

சொல்லியிருக்கக் கூடாதென்று என்னையே நொந்துகொண்டேன். சில நாட்கள் கழிந்தன. ஓரிரவு இஷாவுக்குப் பின் நான் படுத்துவிட்டேன். தெருக்கதவில் இரும்பு இரும்போடு உரசும் ஓசை கேட்டது. பதின்மூன்று ஆண்டுகளாகத் துருவேறிக் கிடந்த தாழ்ப்பாள், உடனே இடங்கொடுக்கவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றபின் விழுந்தது. நான் எழுந்து போகவில்லை. எத்தனையோ பேய்க்கதைகளைப் படித்திருக்கிறேன். எவ்வளவோ படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓசையைப்போல என் உடலைச் சிலிர்க்க வைத்தது வேறொன்றுமில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பின் உம்மா என்னருகில் வந்தமர்ந்தார்கள். காக்காவின் பெயரால் யாஸீன் ஓத அதுவரை எவரையும் அவர்கள் விட்டதில்லை. "காக்காவுக்கு ஒரு யாஸீன் ஓது" என்றார்கள். ஓதினேன். பாதியில் என் குரல் தடைப்பட்டது; உம்மா காத்திருந்தார்கள்; மீண்டும் ஓதி முடித்தேன்.

உம்மாவும் 2009-இல் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுவிட்டார்கள். என் நூலடுக்கின் கீழ்த்தட்டைக் கண்டு திகைக்கும் தம்பிமார்க்கு நான் தரக்கூடிய விடை இதுவே. என் அச்சத்துக்கும் உம்மாவின் காத்திருப்புக்கும் பெயர் சொல்லத் தெரியாதிருந்த ஒரு வீட்டில், அதைச் சொல்லிக் கொடுத்தவை அந்தக் கதைகள். அவை அங்கேயே இருக்கட்டும். கடலில் மறைந்த என் காக்காவையும், அவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்த என் உம்மாவையும், வல்ல ரஹ்மான் தன் அருளால் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.