வாழைநார் பாட்டிகளின் ஊர்!

வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம் என்று ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுளிடம் கேட்கிற தலைமுறை நாம். ஜப்பானின் ஒகினாவா தீவில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஓகிமி கிராமத்துப் பாட்டிகளுக்கு வேறு வேலை இருக்கிறது. வாழைநார்!

நாம் பூக்கட்டுகிற நார் மாதிரிதான். ஆனால், அதில் துணி நெய்கிறார்கள். ஒரு கிமோனோவுக்கு ஏறக்குறைய 200 மரங்கள் வேண்டும். இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு நீளமாக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. தறியில் உட்கார முடியாத வயதிலும் முடிச்சுப் போடலாம்.

போரில் அழியவிருந்த இந்த நெசவை, கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு மீட்டவர் டோஷிகோ டைரா. 2000-ல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ ஆனார். ‘இகிகாய்’ புத்தகம் இந்த ஊரை வைத்துப் பத்து விதிகள் சொல்கிறது. டைரா பாட்டி விதியெல்லாம் சொல்லவில்லை. பொறுப்பை மருமகளிடம் கொடுத்த பிறகும் நாரை விடவில்லை. 2022-ல் மறைந்தபோது வயது 101.