மூன்று செவிக்கருவிகளும் ஒரு பழைய ஒலிநாடாவும்

கண்ணுக்கு இமையைக் கொடுத்த இறைவன் காதுக்கு மூடியொன்றைக் கொடுக்கவில்லை. வேண்டாத காட்சியிலிருந்து பார்வையை விலக்கிக்கொள்ளலாம். வேண்டாத ஓசையிலிருந்து செவியை விலக்குவது அத்துணை எளிதன்று. அதனாற்போலும் நம் முன்னோர் கேட்டலுக்குத் தனியிடம் அளித்தனர். திருக்குறளிலே கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. சங்கீதம் பயிலும் பிள்ளைகளை நோக்கி நம் வித்துவான்கள் "பாடு" என்று சொல்வதிலும் பார்க்கக் "கேள்" என்று சொல்வதே அதிகம்.

இன்றைய பிள்ளைகள் கேட்காமலில்லை. பஸ்ஸிலும் வீட்டிலும் ஹெட்போன் என்னும் செவிக்கருவியை மாட்டியபடியே இருக்கிறார்கள். ஆயினும், எதனைக் கேட்கிறோம் என்பதைப் போலவே எதன் வழியாகக் கேட்கிறோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. உயர்வகுப்பு மாணாக்கருக்குப் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு, இவ்விஷயத்தை வீட்டிலேயே ஆராயும் வாய்ப்பொன்று அண்மையிற் கிட்டியது.

கனடாவில் வாழும் என் மருமகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது மூன்று செவிக்கருவிகளைக் கொண்டுவந்தான். "மாமா, தங்கச்சி வயலின் பழகிறாள்தானே. மூண்டையும் கேட்டுப் பாத்து ஒண்டை வைச்சிருங்கோ, மற்ற இரண்டையும் நான் கொண்டுபோறன்" என்றான். என் மகள் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த சமயம் அது.

மூன்றும் 'பிளேனர் மக்னெடிக்' என்னும் வகையைச் சேர்ந்தவை. சாதாரணச் செவிக்கருவியிலே சிறு கிண்ணம்போன்ற ஒரு படலமும், அதனோடு ஒட்டிய கம்பிச் சுருளொன்றும் இருக்கும். காந்தத்தின் இடைவெளியில் அச்சுருள் அசைய, படலம் முழுவதும் அதன்பின் இழுபட்டு ஓசையை எழுப்பும். பிளேனர் வகையிலோ சுருள் இல்லை. மிக மெல்லிய தட்டையான படலத்தின்மீதே மின்கடத்தும் கோடுகள் பரவியிருக்கும். அதன் ஒரு புறத்திலோ இருபுறத்திலுமோ காந்தங்கள் வரிசையாய் நிற்கும். ஆதலால் விசை ஓரிடத்திற் குவியாமல் படலத்தின் பெரும்பகுதியிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தாக்குகிறது. முரசின் நடுவில் மட்டும் தட்டுவதற்கும், அதன் தோல் முழுவதையும் ஒருங்கே அசைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது எனலாம்.

இது நேற்றுத் தோன்றிய நுட்பமன்று. ஜப்பானிய யமஹா கொம்பனி 1976ஆம் ஆண்டிலேயே எச்பி-1 என்னும் இவ்வகைக் கருவியை விற்பனைக்கு விட்டது. நெடுங்காலம் சிலருக்கு மாத்திரமே உரியதாயிருந்த இது, கடந்த சில ஆண்டுகளிலேயே நடுத்தர விலைக்கு இறங்கிவந்துள்ளது. நடுத்தரம் என்பதும் மேல்நாட்டார் கணக்கே. 300 டொலர் என்றால் நம் நாணயத்தில் ஏறத்தாழ 90,000 ரூபா. பட்டதாரி ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும்.

மருமகன் கொண்டுவந்தவற்றுள் முதலாவது, ஜப்பானிய ஃபொஸ்டெக்ஸ் கொம்பனியின் டி50ஆர்பி. ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் பழகிய குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, சீனாவில் ஆக்கப்படும் ஹைஃபைமான் சுந்தரா; தொடக்கத்தில் 500 டொலர் அளவில் விற்கப்பட்டுப் பின்னர் 300 டொலர் அளவுக்கு இறங்கியது. மூன்றாவது, கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓடிசி கொம்பனி 2024இல் வெளியிட்ட எம்எம்-100. விலை 400 டொலர். டி50ஆர்பியையும் சுந்தராவையும் வெறும் கைத்தொலைபேசியோடு இணைத்தால் ஓசை மெலிந்தே கேட்கும். இவற்றுக்கு மின்வலு சற்று அதிகம் வேண்டுமாதலால், மருமகன் சிறிய பெருக்கி ஒன்றையும் கொண்டுவந்திருந்தான்.

ஒப்பிடுமுன் ஒன்றைக் கவனித்தோம். இரண்டு ஓசைகளுள் சற்றே உரத்தது எதுவோ அதுவே இனியது என்று நம் மனம் தீர்ப்பளித்துவிடும். ஆதலால் ஒரே இசைத்துண்டு மூன்றிலும் ஒரே உரப்போடு ஒலிக்கும்படி அளந்து சரிசெய்த பின்னரே கேட்கத் தொடங்கினோம். மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அதனாற் பெரும் பயன் விளையவில்லை. சுந்தராவின் நிறை 372 கிராம், எம்எம்-100இன் நிறை 475 கிராம். கண் அறியாததைக் கழுத்து அறிந்துவிடுகிறது!

முதலில் மிருதங்கம் கேட்டோம். தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி எழுப்பும் கும்கியே இதற்குத் தக்க பரீட்சை. டி50ஆர்பியிலே அது சற்று வற்றியிருந்தது. வலந்தலையின் சொற்களோ நேர்த்தியாய்க் கேட்டன. சுந்தராவிலே கும்கியின் தொடக்கமும் முடிவும் கத்தரித்தாற்போலத் தெளிவு. ஆனால் அடியாழத்தில் கனம் சிறிது குறைவு. எம்எம்-100 அந்தக் கனத்தைக் கொடுத்தது. மிருதங்கத்தின் மரத்தையே தொட்டுணர்வதுபோல் இருந்தது. அடுத்துக் கேட்ட வயலினில், வில் தந்தியைப் பற்றும் அந்த நுண்ணிய உராய்வைச் சுந்தரா முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. எம்எம்-100 அதனைச் சற்றுப் பின்தள்ளி, நாதத்தின் உடலை முன்வைத்தது. டி50ஆர்பி நடுச்சுருதிகளில் உண்மையாய் ஒலித்தபோதும், கச்சேரி முழுவதும் ஒரு சிறிய அறைக்குள் நடப்பதுபோல் தோன்றியது.

இவ்வளவில் நின்றிருந்தால் இது கடைக்காரர் பேச்சாகவே முடிந்திருக்கும். எங்கள் வீட்டிலே பாதுகாத்துவைத்த ஒலிநாடா ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டு என் தந்தையார் வீட்டிலிருந்து வாசித்த தோடி ராக ஆலாபனை அது. 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிகளுக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தாலேயே அக்காலத்தில் வானொலியும் கேட்டோம், பாட்டும் கேட்டோம். அன்று தந்தையார் உள்ளே வாசிக்க, நானும் அண்ணனும் வெளித்திண்ணையில் மாறிமாறிச் சக்கரத்தைச் சுழற்றினோம். 2004இல் அவர் காலமானார். என் மகள் தன் அப்பப்பாவைக் கண்டதில்லை. அவர் கைவிரலிலிருந்து அவளுக்கு எஞ்சியிருப்பது அந்த அரைமணி நேரமே.

அந்நாடாவின் ஓசையை மருமகன் கணினியில் ஏற்றித் தந்தான். மகளுக்கு ஒரு நெடுநாட் சந்தேகம் இருந்தது. ஆலாபனையின் நடுவிலே இரண்டு இடங்களில் சுருதி சிறிது மேலேறி இறங்குகிறது. அது அப்பப்பாவின் கமகமா, வேறேதுமா என்று அவளால் அறியக்கூடவில்லை. டி50ஆர்பியிலும் எம்எம்-100இலும் அவ்விடங்கள் கமகமாகவே மயங்கின. சுந்தராவை மாட்டிக் கேட்டவள் சட்டென்று நிமிர்ந்து, "அப்பா, இந்த இடத்திலை சில்லுச் சத்தம் மாறுது" என்றாள்.

நானும் கேட்டேன். நாடாவின் இரைச்சலுக்கு அப்பால், மிகமிக மெல்லியதாய், சைக்கிள் சில்லின் சுழற்சி! சுருதி ஏறுகின்ற அதே கணத்தில் அந்தச் சுழற்சி தடுமாறிப் பின் சீராகிறது. அண்ணனும் நானும் கைமாறிய கணம் அது. சில்லு தளர மின்சாரம் குறைந்தது. மின்சாரம் குறைய நாடா மெதுவாய் ஓடிற்று. மெதுவாகப் பதிந்ததைப் பின்னர் உரிய வேகத்தில் ஓடவிட்டால் சுருதி உயரும். பௌதிகம் தெளிவு. அந்த இரண்டு அசைவுகளும் தந்தையாருடையன அல்ல. எஞ்சிய அசைவுகளெல்லாம் அவருடையன. தோடியின் காந்தாரத்தை அவர் அசைத்த விதத்தை அன்று மாலையே மகள் வயலினிற் பிடிக்க முயன்றாள். மூன்றாம் நாள் ஓரளவு பிடித்துவிட்டாள்.

பின்னர் என் தாயாருக்கு அணிவித்தோம். வயது எழுபத்தெட்டு, செவிப்புலன் குன்றிவருகிறது. சுந்தராவை அணிந்து சிறிது நேரத்தில், "இரைச்சல் கனக்கக் கிடக்கு" என்று கழற்றிவிட்டார். எம்எம்-100ஐ அணிந்தபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதிலைதான் அவர் பக்கத்திலை இருந்து வாசிக்கிறமாதிரிக் கிடக்கு, தம்பி" என்றார். ஆயினும் கால்மணி நேரத்துள் கழுத்து நோகிறதென்று அதனையும் கையிலெடுத்துக்கொண்டார்.

எதனை வைத்திருப்பது? பேத்திக்கு வேண்டியது உண்மை. அப்பம்மாவுக்கு வேண்டியது ஆறுதல். இரண்டும் நியாயமான தேவைகளே. வழியொன்றை மருமகன் கண்டான். அதே ஆலாபனையைப் பிரதி செய்து, அதில் உயர்சுருதிகளின் வலுவைச் சிறிது தணித்து, கீழ்ச்சுருதிகளைச் சிறிது உயர்த்தினான். அப்பிரதியைச் சுந்தராவிற் கேட்ட தாயாரின் முகம் மலர்ந்தது. கருவியின் நிறத்தை இவ்வாறு ஓரளவு மாற்றலாம். அதன் பாரத்தை மாற்றவியலாது. அன்றியும், தெளிவாக ஒலிப்பதை மென்மையாக்கலாம். கேளாமல் மறைந்துபோன சில்லின் ஓசையை வெறும் மென்மையிலிருந்து மீட்பது அரிது. ஆகவே சுந்தராவே எங்கள் வீட்டில் தங்கிற்று. மற்ற இரண்டும் கனடாவுக்குத் திரும்பின.

வாங்க எண்ணுவோருக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். சுந்தராவும் எம்எம்-100உம் புறத்தே திறந்த அமைப்பின. உள்ளே ஒலிப்பது அயலாருக்கும் கேட்கும். காகத்தின் கரைவும் மின்விசிறியின் இரைச்சலும் உள்ளே வரும். பஸ்ஸுக்கு இவை உதவா; அமைதியான அறைக்கே உரியன. நம் வெயிலில் காதுறை வியர்வையில் நனையுமாதலால் துடைத்துக் காயவிட்டு வைத்தல் நன்று. எக்கருவியாயினும், வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பவருக்கு 80 டெசிபெல்லே எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. செவியின் உள்ளே உள்ள நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. விலையுயர்ந்த கருவியைக் கொண்டு விலைமதிக்கவொண்ணாக் கருவியைக் கெடுத்துக்கொள்ளலாகாது.

நல்ல செவிக்கருவி இல்லாத வீட்டிலும் பழைய நாடாக்கள் இருக்கும். அவற்றிலே யாரோ ஒரு பாட்டன் பாடியிருப்பார், யாரோ ஒரு மாமி கதை சொல்லியிருப்பார். காந்தப்பூச்சு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே இருக்கிறது. மாணாக்கர்களே, அவற்றை முதலிற் கணினியில் ஏற்றிக் காப்பாற்றுங்கள். கருவியைப் பின்னரும் வாங்கலாம்.