அணைக்கட்டுலேர்ந்து கொடிமலை முருகனைப் பார்க்க

ரயிலில் ஏறினா கொடிமலை சீக்கிரம் வந்துடும். ஆனாலும் நாங்க ஆயர் ஈத்தாம் அணைக்கட்டிலிருந்து நடந்தேதான் அருளொளி திருமுருகனைத் தரிசிக்கப் போவோம். மலை 833 மீட்டர். வழியில் காய்கறித் தோட்டம், வழுக்குப் பாறை, மழை பெய்தா அட்டை வேற.

போன தடவை கூட வந்த ஐயா ஒருத்தர் கிளைப்பாதையில் தனியாத் திரும்பிட்டார். இருட்டின பிறகுதான் கிடைச்சார். அதுவரை யாருக்கும் பேச்சே வரலை. இனி விடியற்காலையில் கிளம்பறோம். கடைசி ஆளுக்குப் பின்னால ஒரு தொண்டர் வருவார்.

1962-இல் கட்டி முடிச்ச அந்த அணைத் தண்ணிதான் ஊர்க் குழாய்களுக்கும் போகுது. கற்பூர டப்பா, பிளாஸ்டிக் பை எதையும் அங்கே போடாதீங்க. பசியாற இடியாப்பம் நாங்க கொண்டு வர்றோம்.