டம்ளரில் ராஜ்மா

நவம்பர் பிறந்துவிட்டால் கிழக்கு தில்லியின் அந்த நான்காம் மாடி வீட்டில் காலை ஆறு மணிக்கே நெபுலைசரின் இரைச்சல் தொடங்கிவிடும். கீழ் வீட்டார் நெடுநாள் அதை மிக்ஸி என்றே எண்ணியிருந்தனர். அறுபத்தெட்டு வயது மூதாட்டி கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். முதுகலை படிக்கும் பேத்தி சிறிய பிளாஸ்டிக் குப்பியின் முனையைத் திருகி, இரண்டரை மில்லிலிட்டர் மருந்தைக் கிண்ணத்தில் விட்டு, அதனுடன் சிறிது ஸலைனும் சேர்ப்பாள். எவ்வளவு நேரம் இயக்கினாலும் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். ஸலைன் சேர்த்தால்தான் அந்த மிச்சத்தோடு வீணாகும் மருந்து குறையும்.

மூதாட்டி பீடியைத் தொட்டதே இல்லை. 'சி.ஓ.பி.டி.' என்று சீட்டில் எழுதப்பட்டபோது, அது புகைபிடிப்பவர்க்கு வரும் நோயாயிற்றே என்று மகன் மறுத்தார். மருத்துவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எதில் சமைத்தார்? உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், சாளரமற்ற சமையற்கட்டில், வரட்டியும் சுள்ளியும் எரித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ரொட்டி சுட்டவர் அவர். உஜ்வலா எரிவாயுத் திட்டம் 2016 மே 1 அன்று அதே பலியாவில்தான் தொடங்கப்பெற்றது. அதற்குள் அவருடைய நுரையீரல் தன் கணக்கை முடித்திருந்தது.

பேத்தி சுற்றுச்சூழல் அறிவியல் மாணவி. கருவியின் வேலை அவளுக்கு ஒரு வகையில் பழகிய பாடம். கம்ப்ரெசர் தள்ளும் காற்று ஊசித்துளை வழியே விரைந்து வெளியேறும்போது அங்கே அழுத்தம் தாழ்கிறது. மருந்து மேலே இழுக்கப்பட்டுச் சிதறுகிறது. பெரிய துளிகள் தடுப்பில் மோதிக் கிண்ணத்துக்கே திரும்புகின்றன. ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரையிலான துளிகளே மூச்சுக்குழலின் ஆழம் வரை செல்லும். அதனினும் பெரியவை தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவள் ஆய்வேட்டுக்காக நாள்தோறும் குறித்துவந்த பி.எம். 2.5 நுண்துகளும் அந்த ஆழம் வரை செல்லக்கூடியதே. அடுப்புப் புகையும் நகரப் புகையும் உள்ளே புகுந்த அதே வாயில் வழியாகத்தான் மருந்தும் நுழைகிறது. இந்தியத் தரநிலை ஒரு நாளுக்கு 60 மைக்ரோகிராம் வரை ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. அந்த வீட்டுச் சாளரத்துக்கு வெளியே நவம்பரின் சில நாள்களில் 300-உம் கடந்துவிடும். பத்து நிமிடம் மருந்தை உள்ளிழுத்தவர் எஞ்சிய நேரமெல்லாம் அந்தக் காற்றைத்தான் உள்ளிழுக்க வேண்டும்.

பலருக்கு ஸ்பேசர் பொருத்திய இன்ஹேலரே இதே பயனைத் தந்துவிடும். இரைச்சல் பெரிதென்பதால் மருந்தும் பெரிதென்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. மூதாட்டியின் காரணம் வேறு: மூட்டுவாதம் பற்றிய விரல்களால் இன்ஹேலரை அழுத்த இயலவில்லை. கிளாக்கோமாவும் இருந்ததால், மருந்து கண்ணில் படாதிருக்க மாஸ்க்கை விலக்கி வாயில் கவ்வும் குழலைப் பொருத்தினர். மாலையில் ஸ்டீராய்டு மருந்து எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் ஏற்கவேயில்லை, அதட்டினால்தான் செய்வார்.

தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம். பருவத்தேர்வுக்கு முந்தைய இரவு, பேத்தி தாமதமாக உறங்கினாள். காலையில் தாதியின் கைகள் நடுங்கின. இதயத் துடிப்பு 130, ஆக்சிமீட்டரில் 84. குப்பைக்கூடையில் மூன்று காலிக் குப்பிகள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நாலரைக்கும் அவர் தாமே கருவியை இயக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நெஞ்சு சற்று இளகியது. இளகியதனால் எவரையும் எழுப்பவில்லை. இரைச்சல் கேட்டுவிடாதிருக்கக் கம்ப்ரெசரைக் கம்பளியால் மூடியும் வைத்திருந்தார்.

இந்த இளக்கத்தில்தான் ஆபத்து இருந்தது. சுருங்கிய மூச்சுக்குழல் தசையை அம்மருந்து சில மணி நேரம் தளர்த்தும். உள்ளே முற்றிவரும் கிருமித்தொற்றை அது தொடுவதில்லை. ஆறு மணி நேரம் தாங்கிய மருந்து இரண்டு மணி நேரமே தாங்குகிறதென்றால், அது இன்னொரு குப்பியைத் திறக்க வேண்டிய வேளை அன்று. மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய வேளை. அங்கே அவர் ஐந்து நாள் இருந்தார். ஆக்சிஜனைக்கூட அளந்தே கொடுத்தனர். இந்நோயில் 88-க்கும் 92-க்கும் இடையே நிறுத்துவதுதான் முறை, மிகுந்தால் இரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடக்கூடும்.

பேத்தி அன்றைய தேர்வை எழுதவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று அவள் கேட்டதற்குத் தாதியின் விடை இதுதான்: "நான் பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையை இருமலுக்காக எழுப்புவேனா?"

எழுதத் தெரியாதவர்க்குக் குறிப்பேடு பயன்படாது. ஆகவே கட்டிலருகே ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஒரு கிண்ணம் ராஜ்மாவும் வைக்கப்பட்டன. கருவியை இயக்கும்தோறும் டம்ளரில் ஒரு ராஜ்மா. இரவு படுக்கும்போது டம்ளர் காலி செய்யப்படும். விடிவதற்குள் இரண்டாவது ராஜ்மா போட வேண்டிவந்தால், யாருக்கு என்ன தேர்வு இருந்தாலும் கதவைத் தட்டியாக வேண்டும். தாதி முதலில் சிரித்தார். பிறகு ராஜ்மாவை வீணாக்குவதாகக் கடிந்துகொண்டார்.

மூன்று வாரம் டம்ளரில் ஒன்றுக்கு மேல் விழவில்லை. டிசம்பரின் முதல் வியாழனன்று, இரவு இரண்டே முக்காலுக்குப் பேத்தியின் கதவு தட்டப்பட்டது. இரண்டாவது ராஜ்மா தாதியின் உள்ளங்கையிலேயே இருந்தது.