சேர்க்கையின் எடை

"சேர்க்கை சரியில்லை" என்னும் சொல் நம் தோட்டப்புறத்து மக்கள் நாவில் பழகிய அளவு வேறெந்தச் சொல்லும் பழகியதில்லை. பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் சேர்க்கை, சுருட்டுப் பிடித்தால் சேர்க்கை, கடன்பட்டால் சேர்க்கை. வள்ளுவரே சிற்றினம் சேராமைக்கென ஓர் அதிகாரம் வகுத்திருக்க, இதில் ஐயங்கொள்வானேன் என்று கேட்பாருண்டு. நானும் அங்ஙனம் கேட்டவனே. அதனால் என் வீட்டார் இழந்தது யாதென்பதைக் கூறவே இதனை எழுதத் துணிந்தேன்.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே உள்ள சிற்றூர் திரிங்காப். ஊரைச் சூழக் காய்கறித் தோட்டங்கள்; அவற்றிற்கப்பால் தேயிலை மலை. அம்மலைத் தோட்டமொன்றின் லயத்தில், ஒரு சுவரே இடையாக, எங்கள் வீடும் அத்தை வீடும் இருந்தன. உறவு முறையால் அவர் அத்தையல்லர். அயலில் வாழ்ந்த அன்பினால் அத்தை. தோட்டத்திலேயே விரைந்த கை அவருடைய கை. அவரும் என் அன்னையாரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவர். என் தம்பியும் அவர் மகனும் ஒரே வயதினர். இருவரும் இரண்டாம் படிவத்தில், ஒரே மாதத்தில், பள்ளியை விட்டு நின்று காய்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குச் சேர்ந்தனர்.

"அவன்தான் என் மகனைக் கெடுத்தான்" என்றார் என் அன்னையார். "இவன்தான் என் மகனைக் கெடுத்தான்" என்றார் அத்தை. பன்றியொடு சேர்ந்த கன்றைப் பற்றிய பழமொழி சுவரின் இருபுறமிருந்தும் எழுந்தது. வீட்டில் மூத்தவனும் நாலெழுத்துப் படித்தவனுமாகிய நான் நடுநின்று ஆராய்ந்திருத்தல் வேண்டும். அதைவிடுத்து, அத்தை வீட்டு வாயிலில் நின்று, "உங்கள் மகனை இனி எங்கள் வீட்டுப் பக்கம் விடாதீர்கள்" என்று கூறினேன். அன்று நின்ற பேச்சு, என் அன்னையார் கண்மூடும் வரை மீண்டும் தொடங்கவில்லை. நிரை மட்டும் மாறவில்லை. 11 ஆண்டுகள் இருவரும் பக்கத்தில் பக்கமாக, வாய் திறவாமல் கொழுந்தெடுத்தனர்.

பல ஆண்டுகள் கழிந்தபின் பொருளியல் நூல்கள் சிலவற்றைப் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒருவருடைய நடத்தை அவரைச் சூழ்ந்தோரால் எவ்வளவு மாறுகின்றது என்பதை அளப்பது அத்துறையில் தனியொரு பகுதியாக வளர்ந்துள்ளது. அதிலுள்ள இடரை 1993ஆம் ஆண்டில் சார்லஸ் மான்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர் கண்ணாடி உவமையொன்றால் விளக்கினார். கண்ணாடிமுன் நிற்பவன் கையசைக்கின்றான். கண்ணாடியிலுள்ள உருவமும் அக்கணமே கையசைக்கின்றது. கண்ணாடி இன்னதென்று அறியாதான் ஒருவன் இரண்டையும் நோக்கினால், எது எதனை அசைத்தது என்று எங்ஙனம் கூறுவான்? எங்கள் லயத்துச் சுவரின் இருபுறமும் எழுந்த கூச்சல் இதுவேயன்றோ?

ஒரு கூட்டத்தார் ஒன்றுபோல் நடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்பது அவர் காட்டிய பகுப்பு. ஒருவர் செய்வதைக் கண்டு மற்றவர் செய்தல் முதலாவது. சூழ்ந்தோரின் கல்வி, செல்வம், குடும்பநிலை முதலியன ஒருவரைத் தாக்குதல் இரண்டாவது. எல்லாரும் ஒரே நிலையில் வைக்கப்பட்டிருத்தலால், ஒருவரையொருவர் பாராமலே ஒன்றுபோல் நடத்தல் மூன்றாவது. மாலையில் பனி இறங்கியதும் லயத்து வீடுகளிலெல்லாம் அடுப்புப் புகைகின்றது. ஒரு வீட்டைப் பார்த்தா மறுவீட்டார் அடுப்பு மூட்டினர்? குளிர் எல்லார்க்கும் பொதுவன்றோ?

இன்னுமொரு சிக்கலும் உண்டு. நண்பரைத் தேர்ந்துகொள்வோர் நாமே. ஒத்த மனத்தினர் கூடுகின்றனரா, கூடியதனால் மனம் ஒத்ததா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆதலின் உள்ளபடி அளக்க விரும்புவோர், சேர்க்கையை மனிதர் கையினின்று எடுத்துக் குலுக்கற்சீட்டின் கையில் ஒப்படைக்கின்றனர். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் புது மாணவர்க்கு அறைத்தோழர் யாரென்பது ஏறத்தாழச் சீட்டுக் குலுக்கியது போலவே அமைந்து வந்தது. அதனை ஆராய்ந்து புரூஸ் சாசர்டோட் என்பார் 2001இல் எழுதினார். மதிப்பெண்ணிலும், மாணவர் சங்கங்களில் சேர்வதிலும் அறைத்தோழரின் செல்வாக்குப் புலப்பட்டது. எப்பாடத்தைத் தமக்குரியதாகத் தெரிந்தெடுப்பது என்னும் பெரிய முடிவில் அது புலப்படவில்லை.

என் நெஞ்சைத் தொட்டதோ, தேயிலை நிரையிலேயே நடந்த ஆராய்ச்சி. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், யார் பக்கத்தில் யார் கொழுந்தெடுப்பது என்பதை லாசே புரூன், எரிக் சின், ஜேசன் கெர்வின் ஆகிய மூவரும் குலுக்கல் முறையில் மாற்றியமைத்தனர். அங்கே கூலி அவரவர் எடுத்த எடைக்கே, கூட்டுவேலை இல்லை. 2022இல் வெளிவந்த முடிவு இது: பக்கத்திலிருப்போரின் சராசரித் திறன் 10 விழுக்காடு உயர்ந்தால், ஒருவர் எடுக்கும் கொழுந்து 0.3 விழுக்காடு உயர்கின்றது. 50 கிலோ எடுப்பவர்க்கு இது 150 கிராம். அவ்வுயர்வும் பெண்களாலேயே ஏற்பட்டது. பிறரிடம் தொழில் கற்றதனால் இது நேர்ந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இடம் மாற வாய்ப்பளித்தபோது பெரும்பாலோர் விரைந்தெடுப்போர் பக்கத்தையே விரும்பினர். அவரருகில் இருப்பின் தமக்கும் ஊக்கம் பிறக்கும் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பேச்சை விட்ட என் அன்னையார் நிரையை ஏன் விடவில்லை என்பது அப்போது ஒருவாறு விளங்கிற்று. அத்தையை ஏசிய அதே நாட்களில், அத்தையின் கையைப் பார்த்தே அவர் தம் கையைச் செலுத்தியிருக்க வேண்டும். சேர்க்கையின் நன்மையை நாள்தோறும் கூடையில் ஏற்றுக்கொண்டு, அதன் தீமையென நாங்கள் கருதியதை மட்டும் வாயால் பேசினோம்.

தேயிலைக்குக் கண்ட அளவைப் பிள்ளைகளின் படிப்புக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. என் தம்பியையும் அத்தை மகனையும் பிரித்து நிறுக்கத் தராசும் இல்லை. ஆனால், சேர்க்கைக்கும் ஓர் எடை உண்டு என்பதும், நிறுக்காமலே அதன்மேல் முழுப் பழியையும் ஏற்றலாகாது என்பதும் எனக்குத் தெளிவாயின.

சென்ற மாதம் திரிங்காப்புக்குச் சென்று அத்தையைக் கண்டேன். கண்பார்வை மங்கியிருந்தும் குரலால் என்னை அறிந்துகொண்டார். "அத்தை, அன்று நான் சொன்னது தவறு" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பள்ளிக்கூடத்துப் பஸ்ஸுக்கு உன் அம்மாவிடமும் காசில்லை, என்னிடமும் காசில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அது தெரியும். அவன் இவனைப் பார்த்து நிற்கவில்லை ஐயா. இவன் அவனைப் பார்த்து நிற்கவில்லை. இரண்டு பேரும் எங்களைப் பார்த்து நின்றார்கள்" என்றார்.

நூல்களில் நான் தேடிய மூன்றாவது காரணத்தை அவர் அன்றே அறிந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அன்பர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளையின்மேல் விரல் நீட்டுமுன், இரு பிள்ளைகளும் நிற்கும் நிலம் எத்தகையதென்று ஒருமுறை குனிந்து பாருங்கள். நான் பார்க்கத் தவறியதன் விலை, இரு தாய்மார் பேசாதிருந்த 11 ஆண்டுகள்.